பழைய மாட்யூல்களை ரெயில்ரோடு செய்யாமல் நடத்துவது எப்படி?

கல்வாசல்:

வணக்கம். புதிய குழு ஒன்றுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் டிஎம் ஆக, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவராக, இருக்கப் போகிறேன். ஐந்து பேர். கணினியில் ஆர்பிஜி (கதாபாத்திரமாக ஆடும் ஆட்டம்) நிறைய ஆடியவர்கள், ஆனால் மேசையில் பகடை உருட்டி ஆடுவது இதுதான் முதல் தடவை. தொடக்கத்துக்கு 1978இல் வந்த கேரி கைகாக்ஸின் ராட்சதர் வரிசையை எடுத்திருக்கிறேன். முதல் மாட்யூல் (ஆயத்தமாக எழுதிய சாகசப் புத்தகம்) 'ஸ்டெடிங் ஆஃப் தி ஹில் ஜயன்ட் சீஃப்', எல்லோரும் ஜி1 என்று சொல்வது.

முழுதாகப் படித்துவிட்டேன். படித்த பிறகுதான் குழப்பமே. இதில் கதை எங்கே இருக்கிறது? எந்த அறையில் யார் இருக்கிறார்கள், பெட்டியில் என்ன இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் நானே காட்சிகளாகப் பிரித்து எழுத ஆரம்பித்தேன். முதலில் காவல் கோபுரம், அடுத்து விருந்து மண்டபம், பிறகு தலைவனோடு சண்டை, கடைசியில் நிலத்தடி. இப்போது சந்தேகம் வருகிறது. அவர்கள் விருந்து மண்டபத்துக்கே போகாமல் பின்பக்கமாக நுழைந்தால்? மொத்த மாளிகைக்கும் தீ வைத்தால்? தலைவனிடம் பேரம் பேசினால்? காட்சி எழுதி வைப்பதே ரெயில்ரோடிங்தானா, அதாவது ஆட்டக்காரர்களை ஒரே தண்டவாளத்தில் தள்ளுவதா? அப்படி எழுதாமல் வேறு எப்படித்தான் தயாராவது?

ஆறுமுகப்பகடை:

கதை காணாமல் போகவில்லை. அதை எழுதும் வேலையை ஆட்டக்காரர்களுக்கு விட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜி1ஐ மறுபடி ஒரு தடவை வேறு கண்ணோடு படித்துப் பாருங்கள். உள்ளே விருந்து நடந்துகொண்டிருக்கிறது. காவலுக்கு இருக்க வேண்டியவர்கள் தூங்குகிறார்கள். கீழே ஓர்க் என்ற அரக்க இன அடிமைகள் கலகம் செய்து ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றுமே ஒரு நிலைமை. இந்த நிலைமைக்குள் நுழைகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை. திருட்டுத்தனமாக நுழையலாம், குடிபோதை ஏறும்வரை காத்திருக்கலாம், ஓர்க்குகளோடு சேரலாம்.

தீ வைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அதை கைகாக்ஸே யோசித்து எழுதியிருக்கிறார். அந்த மாளிகையின் மரங்கள் எல்லாம் ஈரம், அதனால் தீப்பிடிப்பது கடினம், ஆனாலும் முடியாத காரியமில்லை. 'தீ வைக்க விடாதே' என்று டிஎம்முக்கு உத்தரவு போடவில்லை. அந்த இடம் எப்படிப்பட்டது, அங்கே தீ வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறார். ரெயில்ரோடு செய்யாமல் நடத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆட்டக்காரர் ஒன்றைச் செய்ய நினைத்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த உலகம். டிஎம் மனதில் இருக்கும் கதை பதில் சொல்லக் கூடாது.

அதனால் காட்சிகளைத் தூக்கிப் போடுங்கள். ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று ஊகித்து எழுதும் ஒவ்வொரு வரியும் நாளைக்கு உங்களைக் கட்டிப்போடும். அந்த வரியைப் பயன்படுத்த ஆசை வரும், ஆசை வந்தால் அந்தப் பக்கமாக அவர்களைத் தள்ளத் தோன்றும். அதற்குப் பதிலாக உள்ளே இருப்பவர்களைப் பற்றி எழுதுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாலு வரி போதும். அவர்களுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார்கள், கூச்சல் கேட்டால் என்ன செய்வார்கள், தோற்கிறோம் என்று தெரிந்தால் எங்கே ஓடுவார்கள்.

விருந்து மண்டபத்துக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும். 'இன்னும் குடிக்க வேண்டும், விருந்து கெடக் கூடாது. பக்கத்து அறையில் சத்தம் கேட்டால் முதலில் தங்கள் ஆட்களே அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைப்பார்கள், இரண்டாவது தடவைதான் ஒருவனை அனுப்பிப் பார்ப்பார்கள். தலைவன் செத்தால் மூத்தவர்கள் பழிவாங்க நிற்பார்கள், இளையவர்கள் காட்டுக்குள் ஓடுவார்கள்.' இது மாட்யூலில் இருப்பது இல்லை, நான் சேர்த்தது. ஆனால் இந்த மூன்று வரி கையில் இருந்தால் ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் நுழைந்தாலும் எனக்குத் திணறல் வராது.

வரைபடக்காரி:

ஆறுமுகப்பகடை சொல்வதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் 'பழையது எல்லாம் சுதந்திரம், புதியது எல்லாம் தண்டவாளம்' என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே ஜி1 எப்படித் தொடங்குகிறது? ராட்சதர்களுக்குப் பாடம் புகட்டு, இல்லையென்றால் திரும்பி வந்து வெட்டுக்கத்திக்குத் தலையைக் கொடு என்று ஆள்பவர்கள் மிரட்டுகிறார்கள். இதில் எங்கே தேர்வு?

இன்னொன்று, அடிமை வணிகர் வரிசை. ஏ3 மாட்யூலின் முடிவில் கதாபாத்திரங்கள் பிடிபட்டே ஆக வேண்டும். ஏனென்றால் ஏ4 தொடங்கும்போது அவர்கள் ஆயுதம், கவசம் எதுவும் இல்லாமல் நிலவறையில் கிடக்கிறார்கள். எவ்வளவு திறமையாக ஆடினாலும் தப்ப முடியாது. ஏ4 தனியாக எடுத்து ஆடினால் அருமையான மாட்யூல், கையில் ஒன்றுமில்லாமல் பிழைத்து வெளியே வருவது எனக்கு மிகவும் பிடித்த சவால். ஆனால் ஏ3இல் வென்றவர்களை அங்கே கொண்டுபோய்ப் போடும் அந்த ஒட்டுவேலையை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. ஜி வரிசை 1978 ஆரிஜின்ஸ் மாநாட்டிலும், ஏ வரிசை 1980 ஜென் கான் மாநாட்டிலும் போட்டி ஆட்டங்களாக நடத்தப்பட்டவை. போட்டி என்றால் பல குழுக்கள் ஒரே சாகசத்தை ஆடும், புள்ளி போடுவார்கள், அடுத்த சுற்றுக்கு ஆள் எடுப்பார்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் தொடங்க வைத்தால்தான் ஒப்பிட முடியும். போட்டிக்கு அது சரி. வாராவாரம் வீட்டு மேசையில் ஆடும் குழுவுக்கு அந்தத் தேவை கிடையாது, ஆகவே அந்த ஒட்டுகளைக் கத்தரித்துவிட்டு இடத்தையும் ஆட்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு 1984இல் டிராகன்லான்ஸ் மாட்யூல் வரிசை வந்தது. அங்கே நிலைமை வேறு. முன்பே எழுதப்பட்ட கதாபாத்திரங்கள், முன்பே தெரிந்த பெருங்கதை. பின்னால் வரும் மாட்யூலுக்குத் தேவைப்படுகிறவர் செத்துப்போனால் உடல் கிடைக்காதபடி சாக வேண்டும், அப்போதுதான் திரும்பக் கொண்டுவர முடியும். இதற்கென்று விதியே வைத்திருந்தார்கள். அந்தக் கதையை நேசித்து ஆடியவர்கள் ஏராளம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதையும் ஜி1ஐயும் ஒரே மாதிரி நடத்த முடியாது.

இருபதுபக்கம்:

எதிர்க்கருத்து ஒன்று வைக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

என் ஆட்டக்காரர்கள் வேலை முடித்துக் களைத்து வருகிறவர்கள். மூன்று மணி நேரத்தில் ஒரு நல்ல கதை வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் உழைத்து ஓர் ஓகர் (பெரிய முரட்டு அரக்கன்) சந்திப்பைத் தயார் செய்கிறேன். இடது பாதையில் போனாலும் வலது பாதையில் போனாலும் அதே ஓகர்தான் வரும். அவர்களுக்குத் தெரியாது, சந்தோஷமாக ஆடுகிறார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? தெரியாத ஒன்று எப்படி அவர்களுடைய சுதந்திரத்தைப் பறிக்கும்?

ஆறுமுகப்பகடை:

கோபமெல்லாம் இல்லை, இந்தக் கேள்வியைத் தாண்டாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது.

இரண்டு பாதையைப் பற்றியும் அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றால், நீங்கள் சொல்வது சரி. அங்கே அவர்கள் செய்தது தேர்வே இல்லை, காசு சுண்டியது மாதிரி. ஓகரை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். ஆனால் அப்படி ஒன்றும் தெரியாத இரண்டு பாதையை வைப்பதே டிஎம் செய்யும் முதல் தவறு என்பேன். இடது பாதையில் பெரிய காலடித் தடமும் துர்நாற்றமும் இருக்கட்டும். வலது பாதையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கட்டும். இப்போது அவர்கள் பேசுவார்கள். திருடன் முன்னால் போய்ப் பார்த்து வருவான். மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் செலவழிப்பான். எல்லாம் பார்த்துவிட்டு 'ஓகர் வேண்டாம், தண்ணீர்ப் பக்கம் போவோம்' என்று முடிவெடுக்கிறார்கள். அங்கேயும் அதே ஓகரை நிறுத்தினால் அவர்களுடைய யோசனை, மந்திரம், நேரம் மூன்றையும் குப்பையில் போட்டுவிட்டீர்கள். ஒரு தடவை அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் எச்சரிக்கையாக ஆடினாலும் ஆடாவிட்டாலும் நடப்பது ஒன்றுதான் என்பது மெல்ல மெல்ல அவர்கள் ஆட்டத்தில் தெரியும். உளவு பார்ப்பதை நிறுத்துவார்கள், திட்டம் போடுவதை நிறுத்துவார்கள், 'அடுத்து என்ன' என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது 'எங்கள் குழு செயலற்று உட்கார்ந்திருக்கிறது' என்று நாம் அவர்களைக் குறை சொல்வோம்.

உழைப்பு வீணாகிறதே என்றால், ஓகரை இன்னொரு நாள், இன்னொரு குகையில் பயன்படுத்துங்கள். தடயமோ வதந்தியோ எதுவும் அவனைப் பற்றி ஆட்டக்காரர்களை எட்டாத வரைக்கும் அவன் உங்கள் கையில்தான் இருக்கிறான், எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். எட்டிவிட்டால் நகர்த்தாதீர்கள். என் மேசையில் கோடு இதுதான்.

ஓகர் என்றதும் 'கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' மாட்யூல் நினைவுக்கு வருகிறது. அதில் கோப்ளின்கள் என்ற சிறு அரக்கர்களுக்கு ஆபத்து வந்தால் பக்கத்துக் குகையில் இருக்கும் ஓகரிடம் 250 தங்கக் காசு உள்ள பையை எறிந்து உதவிக்குக் கூப்பிடுவார்கள். இந்த ஒரு வரியில் எத்தனை வழி திறக்கிறது பாருங்கள். அவன் கூலிக்குச் சண்டை போடுகிறவன். அப்படியானால் ஆட்டக்காரர்கள் அதிகக் கூலி கொடுக்கலாம். பையை நடுவழியில் பறிக்கலாம். கோப்ளின் மாதிரியே காசு எறிந்து அவனை வேறு பக்கம் அனுப்பலாம். ஓகரை ஒரு சண்டையாக மட்டும் தயாரித்தால் இதில் எதுவும் நடக்காது. அவனுக்கு என்ன வேண்டும் என்பதைத் தயாரித்தால் எல்லாமே நடக்கலாம்.

தீப்பந்தம்:

தத்துவம் பேசியாகிவிட்டது, கொஞ்சம் இயந்திரத்தையும் பேசலாமா? பழைய ஆட்டத்தில் டிஎம்மின் கையைக் கட்டும் விதிகள் நிறைய உண்டு. இன்றைக்கு நடத்துகிறவர்கள் அவற்றைத்தான் முதலில் தூக்கி எறிகிறார்கள்.

1981 பேசிக் பெட்டியை, அதாவது இந்த ஆட்டத்தின் தொடக்க விதிகளை, எடுத்துக்கொள்ளுங்கள். டன்ஜனில், அதாவது நிலவறையில், ஒரு 'டர்ன்' என்பது 10 நிமிடம். தீப்பந்தம் 6 டர்ன் எரியும், எண்ணெய் விளக்கு 24 டர்ன். இரண்டு டர்னுக்கு ஒரு முறை டிஎம் ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும், 1 விழுந்தால் அலைந்து திரியும் அரக்கர் வரும். வந்ததும் அது பாய்ந்து அடிக்கும் என்று அர்த்தமில்லை. என்ன மனநிலையில் இருக்கிறது என்பதற்கு இரண்டு பகடை, இதை ரியாக்‌ஷன் என்பார்கள். 2 விழுந்தால் உடனே தாக்கும், 12 விழுந்தால் நட்பாகவே வரும், நடுவில் 6 முதல் 8 வரை விழுந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும். அந்த நடு எண்கள்தான் அதிகம் விழும் என்பது பகடை கணக்கு தெரிந்தவர்களுக்குப் புரியும். அதோடு 9 முதல் 12 வரை விழுவதையும் சேர்த்தால் பாதிக்கும் மேற்பட்ட சந்திப்புகள் பேச்சுக்கு இடம் வைக்கின்றன. சண்டை தொடங்கினாலும் மொரேல், அதாவது துணிவு எண், இருக்கிறது. முதல் ஆள் செத்ததும், பாதிப் பேர் விழுந்ததும் இரண்டு பகடை உருட்டுங்கள், அவர்களுடைய மொரேல் எண்ணைத் தாண்டினால் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள்.

இவை எதற்கு? டிஎம்முக்கே அடுத்து என்ன வரும் என்று தெரியக் கூடாது என்பதற்கு. என் கதைக்கு இப்போது ஒரு சண்டை தேவை என்று நான் நினைத்தாலும் பகடை 11 காட்டினால் அந்த ஓர்க் சண்டைக்கு வராது. நான் ரியாக்‌ஷனையும் மொரேலையும் பகடையை மறைக்கும் திரையை எடுத்துவிட்டு எல்லோர் முன்னாலும்தான் உருட்டுகிறேன். பின்னால் மாற்ற வழியே இல்லை.

ஜி1 இதே ஆட்டத்தின் அட்வான்ஸ்டு விதிகளுக்கு எழுதப்பட்டது, எண்கள் கொஞ்சம் வேறாக இருக்கும். ஆனாலும் பேசிக்கின் இந்த இரண்டு பகடை முறையை அங்கேயும் அப்படியே பயன்படுத்தலாம், ஒன்றும் உடையாது.

கல்வாசல்:

எல்லோருக்கும் நன்றி, தலை கொஞ்சம் தெளிகிறது. காட்சிகளை அழித்துவிட்டு நாலு வரி முறையில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

இரண்டு கேள்வி பாக்கி. ஜி1 முடிந்ததும் ஜி2க்குப் போக வேண்டும், பனி ராட்சதர்களிடம். அதற்கான தடயம் மாளிகைக்குள் இருக்கிறது. அவர்கள் நிஜமாகவே எல்லாவற்றையும் எரித்துவிட்டால், அல்லது தடயம் இருக்கும் அறையைத் தொடவே இல்லை என்றால்? அடுத்தது, தலைவனை முதல் சுற்றிலேயே தூக்க மந்திரம் மாதிரி எதையாவது போட்டு முடித்துவிட்டால்? அவ்வளவு பெரிய எதிரி, ஒரு வசனம்கூடப் பேசாமல் போய்விடுவான்.

வரைபடக்காரி:

இரண்டாவதற்கு முதலில் பதில். சாகட்டும். தூக்க மந்திரம் அந்த அளவு ராட்சதனிடம் பலிக்காது, ஆனால் வேறு ஏதாவது பலிக்கலாம். பலித்தால் அது அவர்களுடைய வெற்றி, வருடக்கணக்கில் பேசுவார்கள். அவன் பேச வேண்டிய வசனம் ஒன்றை நீங்கள் மனதில் வைத்திருந்தால், அவனைக் காப்பாற்ற ஒரு ரகசியக் கதவு திடீரென்று முளைக்கும். அந்தக் கதவுதான் தண்டவாளம். வசனத்தை மறந்துவிட்டு, அவன் செத்தால் யார் அடுத்த தலைவன், மனைவி என்ன செய்வாள், அடிமைகள் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். ஒருவன் சாவதால் கதை நின்றுபோனால் அது ஒருவனை நம்பிய கதை.

தடயத்துக்கு என் பழக்கம் இது. தெரிந்தே ஆக வேண்டிய செய்தி ஒன்று இருந்தால் அதை ஒரே இடத்தில் வைக்க மாட்டேன். குறைந்தது மூன்று இடம், அதுவும் மூன்று வகை. ஒன்று பொருள், ஒன்று ஆள், ஒன்று வெளியே நடக்கும் நிகழ்வு. ஜி1க்கு என்றால் தலைவனின் பெட்டியில் இருக்கும் தடயம் பொருள். விருந்துக்கு வந்திருக்கும் ஒரு விருந்தாளி பனி நாட்டைச் சேர்ந்தவன், உயிரோடு பிடித்தால் பேசுவான், இது ஆள். மாளிகை எரிந்தால் நாலைந்து நாளில் வடக்கிலிருந்து ஒரு தூதர் கூட்டம் என்ன ஆயிற்று என்று பார்க்க வரும், இது நிகழ்வு. மூன்றாவதுதான் முக்கியம், ஏனென்றால் அவர்கள் எதையும் தேடாவிட்டாலும் உலகம் நகர்ந்துகொண்டிருக்கும்.

அப்படியும் ஜி2க்குப் போக மனமில்லை என்றால்? போக வேண்டாம். பனி ராட்சதர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். இரண்டு மாதம் கழித்து எந்தக் கிராமம் எரிந்தது என்ற செய்தியோடு அவர்களிடம் வாருங்கள். எச்சரிக்கை, இதைத் தண்டனையாகச் செய்யாதீர்கள். 'நான் சொன்ன பக்கம் போகவில்லை அல்லவா, இதோ பார்' என்ற தொனி வந்தால் ஆட்டக்காரர்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். முன்கூட்டியே நாட்காட்டியில் எழுதி வைத்ததாக இருந்தால் அந்தத் தொனி தானாக வராது.

1983இல் வந்த ரேவன்லாஃப்ட் மாட்யூல் இந்த விஷயத்தில் ஒரு நல்ல வேலை செய்தது. முக்கியப் பொருள்கள் எங்கே இருக்கின்றன, அந்த ரத்தக்காட்டேரிப் பிரபுவின் நோக்கம் என்ன என்பதையே சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிஎம் எத்தனை தடவை நடத்தினாலும் அடுத்த தடவை வேறு ஆட்டம். மூடுபனி யாரையும் வெளியே விடாது, உண்மைதான். ஆனால் எல்லையை அடைத்துவிட்டு உள்ளே முழுச் சுதந்திரம் கொடுப்பதும் வழியை அடைப்பதும் எனக்கு ஒன்றில்லை.

இருபதுபக்கம்:

ஓகர் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், குறைந்தது தடயம் கொடுத்த பிறகு நகர்த்தக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கல்வாசலின் குழு புதியவர்கள். கணினி ஆட்டத்தில் மேலே அம்புக்குறி காட்டும், அதைப் பார்த்து ஓடிப் பழகியவர்கள். 'என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டதும் திகைத்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். எல்லையில்லாத சுதந்திரமும் ஒரு சுமைதான்.

தீப்பந்தம்:

இது மிக நியாயமான எச்சரிக்கை. வெறும் வெற்றிடத்தைக் கொடுத்துவிட்டு 'இதுதான் சுதந்திரம்' என்று சொல்வது சோம்பேறித்தனம்.

பழையவர்கள் இதற்கு வதந்தி வைத்திருந்தார்கள். பார்டர்லேண்ட்ஸ் மாட்யூலில் 20 வதந்திகள் கொண்ட அட்டவணை உண்டு, சில உண்மை, சில பொய். ஆட்டத்துக்கு முன்பே ஆளுக்கு ஒன்றிரண்டு கொடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரிடமும் வேறு வேறு செய்தி இருப்பதால் அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். 'ஐல் ஆஃப் டிரெட்' மாட்யூல் வேறு வழி பிடித்தது. ஆட்டக்காரர் கையில் தீவின் கடற்கரை மட்டும் வரைந்த வரைபடம், உள்ளே பெரும்பாலும் காலி. காலியிடத்தைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும்.

திகைத்து நின்றால் டிஎம் வாய்விட்டு வழிகளைச் சொல்வதில் தப்பே இல்லை. 'முன்வாசல் தெரிகிறது. கோபுரத்தில் குறட்டைச் சத்தம். பின்பக்கம் புகை வருகிறது, சமையலறையாக இருக்கலாம். இல்லை, வேறு ஏதாவது செய்யலாம்.' கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். இரண்டு மூன்று செஷனில் அவர்கள் உங்கள் பட்டியலை விட்டுவிட்டு 'வேறு ஏதாவது' பக்கம் போய்விடுவார்கள்.

ஆறுமுகப்பகடை:

அந்த வெட்டுக்கத்தி மிரட்டலையும் இதோடு சேர்த்தே சரிசெய்துவிடலாம். ஆடுவதற்கு முன்பே குழுவிடம் நேராகக் கேளுங்கள்: 'ராட்சதர்கள் எல்லைக் கிராமங்களைத் தாக்குகிறார்கள், அதைத் தடுக்கப் போகிறவர்களின் ஆட்டம் இது. சம்மதமா? உங்கள் கதாபாத்திரம் ஏன் போகிறது?' ஒருவர் குடும்பத்தை இழந்தவர், ஒருவருக்குப் பணம், ஒருவர் ராட்சதர்களிடம் அடிமையாக இருந்து தப்பியவர். தொடக்கத்தை எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் அது ரெயில்ரோடிங் இல்லை, அவர்கள் தாங்களே தேர்ந்த ஆட்டம். மிரட்டும் ஆள்பவர்களும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

கல்வாசல்:

இது ரொம்பப் பிடித்திருக்கிறது. மிரட்டலை எடுத்துவிடுகிறேன். அடிமையாக இருந்து தப்பியவர் என்ற யோசனையை ஒருவரிடம் சொன்னேன், உடனே எடுத்துக்கொண்டார். கீழே இருக்கும் ஓர்க்குகளில் ஒருவரைத் தெரியும் என்று அவரே சேர்த்திருக்கிறார். அதை நான் யோசிக்கவே இல்லை.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு செஷனுக்கும் எவ்வளவு தயார் செய்ய வேண்டும்? எங்கே போவார்கள் என்று தெரியாமல் எல்லாவற்றையும் தயார் செய்ய முடியாதே.

வரைபடக்காரி:

செஷன் முடிந்து எழுந்து போவதற்கு முன்பு கேளுங்கள்: 'அடுத்த தடவை எங்கே போகிறீர்கள், என்ன திட்டம்?' அவர்கள் சொன்னதை மட்டும் தயார் செய்தால் போதும். மனம் மாறினால் மாறட்டும், கையில் நாலு வரி இருக்கிறது, ரியாக்‌ஷன் பகடையும் இருக்கிறது. ஆரம்பத்தில் பின்பக்கச் சமையலறையைச் சுற்றி இருக்கும் அறைகளை நன்றாகப் பார்த்து வையுங்கள். புகை வருகிறது என்று சொன்னால் பாதிக் குழுக்கள் அங்கேதான் போகும்.